மண்டேலாவும் நாராயணனும்: நடுப்படியில் நிற்போருக்கு ஒரு பாடம்

1997 ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் பாலக்காட்டோடு தொடர்பு இருந்தது. ஒருவர் டி.என்.சேஷன். பாலக்காட்டின் திருநெல்லாயி கிராமத்தில் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து அரசியல் கட்சிகளைக் கலங்கடித்தவர். இன்னொருவர் கே.ஆர்.நாராயணன். பாலக்காடு மாவட்டத்தின் ஒற்றப்பாலம் தனித் தொகுதி மக்கள் மூன்று முறை மக்களவைக்கு அனுப்பிவைத்த தலித். வாக்குகள் எண்ணப்பட்டபோது நாராயணனுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,56,290. சேஷனுக்கு 50,631. ஜூலை 25 அன்று இந்தியக் குடியரசின் முதல் தலித் தலைவராக நாராயணன் பதவியேற்றார்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1994 மே 10 அன்று, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நெல்சன் மண்டேலா அந்நாட்டின் முதல் கறுப்பின அதிபராகப் பொறுப்பேற்றிருந்தார். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த மண்டேலாவும், நூலகங்களிலும் தூதரகங்களிலும் வாழ்ந்த நாராயணனும் ஒரே வார்ப்பு அல்லர். ஒருவர் பெரும் மக்கள் இயக்கத்தின் தலைவர். மற்றவர் படிப்பால் உயர்ந்த அறிஞர். ஆனாலும் பிறப்பை வைத்து மனிதருக்கு இடம் ஒதுக்கிய இரண்டு சமூகங்கள், ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவரை மிக உயர்ந்த பதவியில் அமர்த்தின. அதன் பிறகு தெருவில் என்ன மாறியது, எது மாறவில்லை, ஏன்? பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ்க் கிராமங்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது.

மண்டேலாவை நாம் மன்னிப்பின் உருவமாகவே பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். 1990இல் பாரத ரத்னா கொடுத்தோம். 2013 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தபோது நம் ஊர்களிலும் அஞ்சலிக் கூட்டங்கள் நடந்தன. அவர் எதை மன்னித்தார் என்பதைப் பேசுமளவு எதை எதிர்த்தார் என்பதைப் பேசுவதில்லை. எதிர்த்ததைப் பேசத் தொடங்கினால், பேச்சு நம் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்துசேரும்.

வகுப்பறைக்கு வெளியே நின்ற மாணவர்

கோட்டயம் மாவட்டம் உழவூர் அருகே பெரும்தானத்தில் நாட்டு வைத்தியர் கொச்சேரில் ராமனின் ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர் நாராயணன். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த நாள் 1920 அக்டோபர் 27. பள்ளியில் சேர்க்கக் கூட்டிச்சென்ற உறவினருக்கு உண்மையான தேதி தெரியாததால் தோன்றிய ஒரு தேதியைச் சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது.

பள்ளிக்குப் போய்வர நாள்தோறும் சுமார் 15 கிலோமீட்டர், வயல் வரப்புகளில் நடை. கட்டணம் கட்ட முடியாத நாட்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்க வழியில்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு இருந்த அண்ணன் நீலகண்டன், பிற மாணவர்களிடம் புத்தகங்களை இரவல் வாங்கிக் கையால் முழுவதும் எழுதிக்கொடுத்தார். அப்படிப் படித்த பிள்ளை 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் மாணவராகத் தேறினார். அதே தகுதியுள்ள மற்றவர்களுக்குக் கிடைத்த விரிவுரையாளர் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. எழுத்தர் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டத்தை வாங்கவும் மறுத்தார்.

அவர் வளர்ந்த திருவிதாங்கூரை மனத்தில் கொண்டால்தான் இந்த மறுப்பின் கனம் விளங்கும். அவர் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது நாராயணன் உயர்நிலைப் பள்ளி மாணவர். அது 1936 நவம்பர் 12. நடக்கவும் கும்பிடவும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டியிருந்த ஒரு நாட்டில், படிப்பில் முதலிடம் பிடித்தவருக்கு நாற்காலியும் மறுக்கப்பட்டது.

காந்தியிடம் கேட்ட கேள்வி

வேலை மறுக்கப்பட்ட நாராயணன் பத்திரிகையாளரானார். 1945 ஏப்ரலில் பம்பாயில் காந்தியைப் பேட்டி கண்டார். லண்டனில் படிக்க ஜே.ஆர்.டி.டாடாவின் உதவித்தொகை கைகூடியிருந்த நேரம் அது. வெளிநாட்டில் தீண்டாமை பற்றி யாராவது கேட்டால், தான் ஓர் ஒடுக்கப்பட்டவனாகப் பதில் சொல்வதா, இந்தியனாகப் பதில் சொல்வதா என்று அவர் கேட்டார். ஆங்கிலேயர் போன பிறகு நாங்களே தீர்த்துக்கொள்ளும் விஷயம் இது என்று சொல்லும்படி காந்தி அறிவுறுத்தினார்.

அந்தப் பதிலின் ஆயுள் நீண்டது. ஆங்கிலேயர் போனார்கள். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்துத் திரும்பிய நாராயணன் 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரங்கூனில் தொடங்கி, 1962 போருக்குப் பிறகு சீனாவுக்குச் சென்ற முதல் இந்தியத் தூதர் என்ற பொறுப்புவரை வகித்தார். அவர் பணியாற்றிய அரசு, உலக அரங்கில் நிறவெறியை முதலில் எதிர்த்த அரசுகளில் ஒன்று. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை இந்தியா முறித்துக்கொண்டது. அங்குள்ள இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை ஐ.நா.வில் எழுப்பியது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா முன்னேறியது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி அது. எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்து, கோப்பையையே விட்டுக்கொடுத்தோம். நாம் பெருமைப்படத் தக்க முடிவு இது.

ஆனால், 2001 ஆகஸ்ட் இறுதியில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு டர்பனில் கூடியது. நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் இறங்கிய துறைமுகம் அது. சாதியையும் மாநாட்டின் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற தலித் அமைப்புகள் கோரின. சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. 1945இல் அந்தக் கேள்வியை எழுப்பிய இளைஞர் அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். 56 ஆண்டுகள் கழித்தும் நாட்டின் பதில் மாறவில்லை. 'நாங்களே தீர்த்துக்கொள்வோம்' என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை டெல்லியில் கேட்பதைவிட நம் எல்லைக் கிராமங்களில் கேட்பதே சரி.

சட்டமே பெயர் சொன்ன கடை

பாலக்காடு ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களில் ஈழவரும் தலித்துகளும் நடக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.வீரையன். அதை நம்பிக் கல்பாத்தித் தேரோட்டத்தின்போது தெருவில் நுழைந்தவர்கள் தாக்கப்பட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசமைப்பின் 17ஆவது கூறு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது அதுதான். உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். கடை என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சலவைக் கடையையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எந்தக் குவளை, எந்த நாற்காலி என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இடுக்கி மாவட்டம் வட்டவடைக்கு வாருங்கள். மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் தமிழ்க் கிராமங்கள். தமிழக எல்லை கூப்பிடு தூரம். இங்கே சக்கிலியர் சமூகத்தவருக்கு உள்ளூர் சலூன்களில் 2020 வரை முடிவெட்ட மறுத்தார்கள். முடிவெட்டிக்கொள்ள அவர்கள் மறையூருக்கோ மூணாற்றுக்கோ போய்வந்தார்கள். ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்துதான் ஒருவர் தலைமுடியைத் திருத்திக்கொள்ள முடிந்தது. 2020இல் பஞ்சாயத்து தலையிட்டுப் பாகுபாடு காட்டிய கடைகளை மூடியது. செப்டம்பரில் எல்லோருக்குமான பொது முடிதிருத்தகத்தைக் கோவிலூரில் திறந்தது. அன்றைய தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் எஸ்.ராஜேந்திரன் அதைத் தொடங்கிவைத்தார். சட்டம் சலூனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை பஞ்சாயத்து நாட்டுக்கே முதலில் மாங்காய் அனுப்பும் ஊர் என்று பெயர் பெற்றது. அங்கே, பொள்ளாச்சிச் சாலையில் எல்லையை ஒட்டியிருக்கிறது கோவிந்தாபுரம். அவ்வூர் அம்பேத்கர் காலனியில் 2017இல் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டிப் பதற்றம் ஏற்பட்டபோது, பழைய விஷயங்கள் வெளியே வந்தன. தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, முடிதிருத்துவதில் பாகுபாடு, குடிநீர் பிடிப்பதில் பாகுபாடு என்று சக்கிலியர் மக்கள் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்கள். மற்ற சாதியினர் மறுத்தார்கள். சாதியே இல்லாத மாநிலம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கேரளத்தின் நாளிதழ்களில் பல நாட்கள் அது செய்தியானது.

இந்த இரண்டு ஊர்களிலும் ஒதுக்கப்பட்டவர்கள் தமிழ் பேசுபவர்கள். ஒதுக்கியவர்களிலும் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள். மலை ஏறி வந்தவர்களோடு சாதியும் மலை ஏறி வந்தது. 1956இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போனதை நாம் இன்றும் இழப்பாகப் பேசுகிறோம். அந்த மண்ணுக்காகப் பேசிய அளவுக்கு, அந்த மண்ணில் வாழும் தமிழ் தலித்துகளுக்காக நாம் பேசியதில்லை. கேரளத்தின் மீது குற்றம் சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில், வேங்கைவயல் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட விவகாரத்தை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் கண்டதும் இரட்டைக் குவளையைத்தான்.

நிறவெறி நாட்டோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் பிரித்தது சட்டம். 1950இல் குடியிருப்புப் பகுதிகளைப் பிரிக்கச் சட்டம். 1953இல் பூங்கா இருக்கை, பேருந்து, கடற்கரை, கழிப்பறை ஆகியவற்றைப் பிரிக்கச் சட்டம். நம் நாட்டில் சட்டம் பிரிவினையைத் தடுத்தது, பிரித்தது வழக்கம். அவர்கள் சட்டத்தை நீக்கியதும் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகள் கழற்றப்பட்டன. இங்கே கழற்றுவதற்குப் பலகையே இல்லை. குவளையை எடுத்துக்கொடுக்கும் கையும், பார்த்துக்கொண்டு தன் தேநீரைக் குடிப்பவரின் மௌனமும்தான் இங்கே ஆதாரம். அதனால்தான் மண்டேலாவின் வாழ்விலிருந்து வேறொரு பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரைக்கால் சட்டையும் முழுக்கால் சட்டையும்

1964 ஜூன் 12 அன்று மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் இந்தியர் ஒருவர், அகமது கத்ராடா. தீவில் இறங்கியதும் உடை கொடுத்தார்கள். கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை. மண்டேலா உள்ளிட்ட ஆப்பிரிக்கர்களுக்கு அரைக்கால் சட்டை. ஆப்பிரிக்க ஆண் எத்தனை வயதானாலும் சிறுவனே என்பது அதன் பொருள். உணவிலும் அப்படியே. காலைக் கஞ்சிக்கான சர்க்கரை இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் சற்று அதிகம். ரொட்டி அவர்களுக்கு மட்டும், ஆப்பிரிக்கருக்கு இல்லை. ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஒரே சுண்ணாம்புக் குவாரி. பசி மட்டும் பிறப்புக்குத் தக்கபடி அளந்து கொடுக்கப்பட்டது.

மண்டேலா முறையிட்டார். சில நாட்களில் அவருடைய அறையில் மட்டும் ஒரு முழுக்கால் சட்டை போடப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கும் கிடைத்ததா என்று அவர் விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும், எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். அதிகாரிகள் அவருக்குக் கொடுத்ததையும் பறித்துக்கொண்டார்கள். அவர் திரும்பவும் அரைக்கால் சட்டைக்குப் போனார். எல்லோருக்கும் முழுக்கால் சட்டை கிடைக்கப் பிறகு ஆண்டுகள் பிடித்தன. தனக்கு மட்டும் நீளும் சலுகை, அடுத்தவரின் இழிவுக்குத் தன்னைச் சாட்சியாக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆள்பவர்கள் வெள்ளையர், ஆளப்படுபவர்கள் கறுப்பர் என்று நிறவெறி இரண்டாக மட்டும் பிரிக்கவில்லை. நடுவில் படிகளை வைத்தது. இந்தியர்களும் கலப்பினத்தவரும் நடுப்படியில் நிறுத்தப்பட்டார்கள்: மேலே போக வழியில்லை, ஆனால் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் உண்டு. சாதியைப் படிநிலை கொண்ட சமமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது நமக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரைக் கொடுத்துவிட்டால் அந்த அமைப்பை யாரும் முழுமனத்தோடு எதிர்க்க மாட்டார்கள் என்பதே அதன் சூட்சுமம்.

தென்னாப்பிரிக்காவில் அந்தச் சூட்சுமம் பலிக்காமல் போனதற்கு நடுப்படியில் நின்றவர்கள் எடுத்த முடிவும் ஒரு காரணம். அதில் தமிழர்களின் பங்கு பெரிது. காந்தி அங்கே நடத்திய 1913 போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். அதற்குப் பிந்திய வரலாற்றை அவ்வளவாக அறியமாட்டோம். 1947இல் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர் மருத்துவர் மான்ட்டி நாயக்கர், மற்ற இரு மருத்துவர்களான ஏ.பி.சூமா, யூசுப் தாதூ ஆகியோரோடு உடன்பாடு கண்டு, இந்தியர்களின் போராட்டத்தை ஆப்பிரிக்கர்களின் போராட்டத்தோடு இணைத்தார். காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரெஸ் நாயுடு ராபன் தீவில் 10 ஆண்டுகள் இருந்தார். டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் 20 ஆண்டுகள்.

1983இல் வெள்ளையர் அரசு ஒரு தூண்டில் போட்டது. நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்குத் தனி அவை, கலப்பினத்தவருக்குத் தனி அவை. ஆப்பிரிக்கர்களுக்கு எதுவும் இல்லை. நடுப்படியை இன்னும் சற்று உயர்த்திக் கொடுக்கிறோம் என்பதே அதன் பொருள். 1984 ஆகஸ்ட் தேர்தலில் இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. அந்தப் புறக்கணிப்புக்காக வீடு வீடாகப் போனவர்களில், சில மாதங்களுக்கு முன் விடுதலையாகியிருந்த பில்லி நாயர் போன்றவர்களும் இருந்தார்கள். கொடுக்கப்பட்ட சலுகையைக் கீழே இருப்பவர்களுக்காக வேண்டாம் என்றார்கள். அரசின் புதிய ஏற்பாட்டுக்கு அங்கேயே மதிப்புப் போயிற்று. ஆறாண்டுகளில் மண்டேலா விடுதலையானார், பத்தாண்டுகளில் அதிபரானார். அவருடைய முதல் அமைச்சரவையில் நலிந்தோருக்கான மறுசீரமைப்புத் திட்டத்தின் பொறுப்பு ஜெய் நாயுடுவிடம் கொடுக்கப்பட்டது.

பாலக்காட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. கல்பாத்தி தமிழ் பிராமண சமூகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் டி.ஆர்.கிருஷ்ணசாமி ஐயர், எல்லாச் சாதியினரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதற்காகச் சொந்தச் சமூகத்தாரால் ஒதுக்கிவைக்கப்பட்டார். 1920களின் தொடக்கத்தில் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, தலித் பிள்ளைகளும் பிற சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படிக்கும்படி செய்தார். காந்தி வந்து தங்கிய இடம் அது. கல்பாத்தியின் மற்ற முகம் அவர். மேல்படியில் நிற்பவர் இறங்கி வர முடியும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் காட்டியிருக்கிறார்.

நாற்காலியால் முடிந்ததும் முடியாததும்

தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அந்த அவையைப் புறக்கணித்த அதே 1984இன் டிசம்பரில்தான் ஒற்றப்பாலம் முதல்முறையாக நாராயணனைத் தேர்ந்தெடுத்தது. 1921இல் முதல் அனைத்துக் கேரள அரசியல் மாநாடு நடந்த ஊர் அது. 1989, 1991 தேர்தல்களில் இடதுசாரிகள் திரைப்பட இயக்குநர் லெனின் ராஜேந்திரனை நிறுத்தியும் நாராயணனே வென்றார். 1992இல் குடியரசுத் துணைத் தலைவர், ஐந்தாண்டுகளில் தலைவர். தனித் தொகுதி என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால், உலகம் சுற்றிய அந்த அறிஞருக்கு மக்களவையின் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. இட ஒதுக்கீடு தகுதியைக் குறைக்கும் என்போருக்கு அவர் வாழ்வே மறுமொழி.

நாற்காலியில் அமர்ந்த நாராயணன் அலங்காரத் தலைவராக இருக்கவில்லை. 1997இல் உத்தரப் பிரதேசத்திலும் 1998இல் பிகாரிலும் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி வந்த அமைச்சரவைப் பரிந்துரைகளை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1998 பொதுத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியிலிருந்தபடி பொதுத் தேர்தலில் வாக்களித்த முதல் குடியரசுத் தலைவர் அவர். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஏன் இடம்பெறுவதில்லை என்று கோப்பிலேயே குறிப்பு எழுதினார். 2000 குடியரசு நாளுக்கு முந்தைய நாள் உரையில், நெடுங்காலம் பொறுத்திருக்கும் மக்களின் கோபத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று நாட்டை எச்சரித்தார். அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்த அந்த நாட்களில், அரசமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று யோசிக்கச் சொன்னார்.

மண்டேலாவும் ஐந்தாண்டுகளில் இயன்றதைச் செய்தார். உண்மை கண்டறியும் ஆணையம் அமைத்தார். 1960இல் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட ஷார்ப்வில்லுக்கே சென்று, 1996 டிசம்பர் 10 அன்று புதிய அரசமைப்பில் கையெழுத்திட்டார். இரண்டாம் முறை போட்டியிடாமல் 1999இல் விலகினார். ஆனால், நிலமும் செல்வமும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தன. இன்றும் உலகின் மிகச் சமமற்ற நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா. நாராயணன் மறைந்தது 2005 நவம்பர் 9. கோவிந்தாபுரத்தின் குற்றச்சாட்டுகள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தன.

இதனால் தலைவர்கள் தோற்றார்கள் என்று ஆகாது. உச்சியில் இருப்பவர் சட்டத்தை மாற்றலாம், கேள்வியை அரசின் மேசையில் வைக்கலாம், ஒரு பிள்ளைக்குத் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை தரலாம். தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்காருவதை அவர் நமக்காகச் செய்ய முடியாது. அது நடுப்படியில் நிற்பவர்களின் வேலை.

எல்லையில் செய்ய வேண்டியவை

வட்டவடை பஞ்சாயத்து செய்ததை எல்லையோரப் பஞ்சாயத்துகள் அனைத்தும் செய்யலாம். கடைகளுக்கு உரிமம் கொடுப்பது பஞ்சாயத்துதான். பாகுபாடு காட்டும் கடையின் உரிமத்தை ரத்துசெய்ய டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. 1955 சட்டத்தின் குவளை, சலூன் பற்றிய பகுதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, உரிமத்தோடு கடையின் சுவரில் மாட்ட வைக்க வேண்டும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ் தலித் குடும்பங்களிடம், 1950க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். நிறுவனத்தின் லயக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களிடம் பட்டா எங்கே இருக்கும்? வீட்டு வரி ரசீது எங்கே இருக்கும்? சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகையும் கல்லூரி இடமும் பிள்ளைகளுக்குக் கைநழுவுகின்றன. 2015இல் நாள் கூலி 232 ரூபாயாக இருந்தபோது மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுகூடித் தெருவில் அமர்ந்து, குறைக்கப்பட்ட போனஸைத் திரும்பப் பெற்றார்கள். கூலியும் 301 ரூபாய் ஆனது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து மேலேற இந்தச் சான்றிதழ்தான் ஏணி. தோட்ட நிறுவனங்களின் பழைய பணியாளர் பதிவேடுகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் ஆதாரமாக ஏற்கும்படி கேரள அரசு விதியைத் தளர்த்த வேண்டும். தமிழக அரசும் இதைக் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் மண்டேலாவைச் சொல்லிக்கொடுக்கும்போது, ராபன் தீவின் முழுக்கால் சட்டையைச் சொல்லுங்கள். நாராயணனைச் சொல்லும்போது, புத்தகத்தைக் கையால் எழுதிக்கொடுத்த அண்ணனைச் சொல்லுங்கள்.

கடைசியாக, நடுப்படியில் நிற்கும் நமக்கு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை, மறையூர், காந்தளூர், வட்டவடை என்று இந்த எல்லை நெடுகிலும் நிலமும் கடையும் கோயில் நிர்வாகமும் யார் கையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் தமிழ்வழிப் பள்ளியும், தமிழில் அரசுப் படிவமும் கேட்கிறோம். அந்த உரிமைக் குரல் நியாயமானது. ஆனால், சக தமிழருக்குத் தனிக் குவளை நீட்டுகிறவர் அந்த நியாயத்தைத் தன் கையாலேயே கெடுக்கிறார். அடுத்தவருக்கு வேறு குவளையில் தேநீர் கொடுக்கும் கடையில் நமக்கும் தேநீர் வேண்டாம். அடுத்தவருக்கு முடிவெட்ட மறுக்கும் சலூனில் நாமும் உட்கார வேண்டாம். நாம் எழுந்து வெளியேறினால் எந்தக் கடைக்காரரும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார். காவல் நிலையமும் ஆணையமும் பல ஆண்டுகளில் செய்ய முடியாததை அந்த ஊரின் வாடிக்கையாளர்கள் செய்துவிடலாம். அதை இன்றே தொடங்குங்கள்.